மூன்று மஞ்சள் நட்சத்திரங்கள்

அந்த அலுவலகத்தில் ஒரு ஹெல்மெட் இருந்தது. அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை.

வயர்லெஸ் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறம். இடது பக்கம் ஒரு நீள விரிசல். எறும்பின் சித்தப்பாவுடையது.

எறும்பு என்றால் நிஜ எறும்பு இல்லை, பத்து வயதுப் பெண். எந்த ஒயரைப் பார்த்தாலும் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் விடமாட்டாள். ஒருமுறை டெலிபோன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், பக்கத்து வீட்டுக் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே இருந்தவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்குச் சித்தப்பா வைத்த பெயர்தான் எறும்பு. இப்போது சித்தப்பா இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

மூன்று நாளாக மழை. பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா அவளை அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. அம்மாவுக்கு வயர்லெஸ்ஸில் பேசும் வேலை. அப்பாவுக்கு மலை உச்சியில் இருக்கும் டவரில் ஏறும் வேலை.

எறும்பு ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அங்கே தாளுக்குப் பஞ்சமே இல்லை. மூலையில் இருக்கும் பிரிண்டர் தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக விழித்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பும். ஒருவரும் அதைப் படிப்பதில்லை. அது நேரே கீழே இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் விழும். அம்மா வாரம் ஒருமுறை அள்ளிக்கொண்டு வந்து இவளிடம் கொடுப்பாள்.

தாளின் பின்பக்கம் வெள்ளை. முன்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு வரிகள். வரி முழுக்க எண்களும் புள்ளிகளும். நான்காவது வரியில் மட்டும் எண் எதுவும் இருக்காது. மூன்று நட்சத்திரக் குறிகள் இருக்கும். எறும்பு அந்த மூன்றுக்கும் மஞ்சள் பென்சிலால் வண்ணம் தீட்டிவிட்டுத்தான் தாளைத் திருப்புவாள்.

பத்து மணிக்கு டெலிபோன் அலறியது.

மேனேஜர் எடுத்தார். கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி" என்றார், போனைக் கையால் பொத்திக்கொண்டு. "லைன் செத்துப்போச்சாம். கல் குவாரியில பாறை சரிஞ்சு கால் நசுங்கின ஒருத்தரைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. எக்ஸ்ரே படத்தைப் பெரிய டாக்டருக்கு அனுப்பணும். அவர் பாத்துட்டுச் சொன்னாத்தான் ஆபரேஷன் பண்ண முடியுமாம். தம்பி, என்னன்னு பாரு!"

'தம்பி' என்று அவர் கூப்பிட்டது புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆளை. வேலைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. பாட்டில் அடி மாதிரி தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான். எறும்பு வைத்த பெயர் கண்ணாடி அண்ணன்.

"டிரேஸ் போடுறேன் சார்" என்று கண்ணாடி அண்ணன் விசைப்பலகையைத் தட்டினான்.

எறும்பு எழுந்து போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"டிரேஸ்னா என்னண்ணா?"

"தடம் பாக்கிறது. இங்கேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சேதியைக் கைமாத்தி விடுற பெட்டிங்க வரிசையா இருக்கு. அதுல எங்க உடைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறது." பதற்றத்தில் இருந்தாலும் கேள்வி கேட்டால் அவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. "ஒரு ஆளைத் தூது அனுப்புறோம்னு வச்சுக்க. அவனுக்கு ஒரே ஒரு மூச்சுதான் குடுப்போம். முதல் பெட்டிக்குப் போனதும் மூச்சு தீந்து செத்துப்போவான்."

"ஐயோ!"

"அந்தப் பெட்டி 'உங்க ஆள் எங்க வாசல்ல செத்துட்டான்'னு நமக்குச் சேதி அனுப்பும். அப்போ முதல் பெட்டி நல்லாயிருக்குன்னு அர்த்தம். அடுத்தவனுக்கு ரெண்டு மூச்சு. அவன் ரெண்டாவது பெட்டியில சாவான். அதுக்கடுத்தவனுக்கு மூணு..."

"பெட்டிக்கு ஒரு ஆளா சாகணும்?"

"ஒரு ஆள் இல்ல, மூணு ஆள். பதிலே வரலேன்னா ஆளுக்கொரு நட்சத்திரம் போடும்."

இத்தனை நாளாக அவள் வண்ணம் தீட்டியது செத்துப்போன ஆட்களுக்கா?

திரைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முன்பு வேலை பார்த்த ஆள் எழுதி வைத்தது. ஒன்று, அலுவலகம். இரண்டு, மொட்டை மாடி. மூன்று, மலையடிவாரம். நான்கு, மலை டவர். ஐந்து, அந்தப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி. ஆறு, ஆஸ்பத்திரித் தெருக் கம்பம். ஏழு, ஆஸ்பத்திரி.

திரையில் முதல் வரி வந்தது. எண்கள். இரண்டாவது வரி. எண்கள். மூன்றாவது. எண்கள்.

நான்காவது வரி அப்படியே நின்றது. ஐந்து விநாடி கழித்து ஒரு நட்சத்திரம். இன்னும் ஐந்து விநாடி. இன்னொன்று. பிறகு மூன்றாவது.

கண்ணாடி அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சார்! நாலு! மலை டவர் சார்! டவர்ல இருக்கிற பெட்டி போயிடுச்சு!"

அவன் மேனேஜர் அறைக்கு ஓடினான். திரையில் வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அதைப் பார்க்க அங்கே எறும்பு மட்டும்தான் இருந்தாள்.

ஐந்தாவது வரி. எண்கள்.

ஆறாவது வரி. எண்கள்.

ஏழாவது வரியில் நட்சத்திரங்கள். கடைசிப் பெட்டி கிடைக்காததால் கம்ப்யூட்டர் எட்டு, ஒன்பது என்று தேடிக்கொண்டே போயிற்று. அப்புறம் கீழே முழுக்க நட்சத்திரங்கள்தான்.

மேனேஜர் அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஏறிடலாம் சார்."

"வானத்தைப் பாத்தியா? இடி இடிக்குது. இதுல ஏறச் சொல்ல எனக்கு வாய் வரலை. நீ மாட்டேன்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"இடி தூரத்துலதான் இருக்கு. அங்க ஒரு ஆளு காலு நசுங்கிக் கிடக்கிறான் சார். ஏறி, பெட்டியை மாத்திட்டு, இறங்கிடுறேன்."

அப்பா வெளியே வந்தார். டவரில் ஏறும்போது கட்டும் பெல்ட்டை மாட்டினார். அம்மா அவருடைய வாக்கி-டாக்கியை வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

"எறும்பு, அம்மாவைப் பாத்துக்க" என்றார் அப்பா.

"நீங்க உங்களைப் பாத்துக்கங்க" என்றாள் எறும்பு.

"பாருடா! வாயைப் பாரு!" என்று அவள் தலையைக் கலைத்துவிட்டு மழைக்குள் ஓடினார். ஜீப் உறுமிக்கொண்டு போயிற்று.

டவரில் ஏறுவதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டவரில் நின்று மூச்சு வாங்க ஐந்து தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கு வந்ததும் ஏறுகிறவர் வாக்கி-டாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். வயர்லெஸ்ஸில் இருப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டு, நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். கீழே இறங்கிக் கால் மண்ணில் பட்டதும் கடைசியாக ஒரு சொல்: "தரை."

ஆனால் நான்காவது தட்டிலிருந்து எதுவும் கேட்காது. அங்கே ஒரு பெரிய டிஷ், பந்தல் மாதிரி மறைத்துக்கொண்டு நிற்கும். வாக்கி-டாக்கி ஊமையாகிவிடும். அதனால் "மூணு" என்ற பிறகு ஒரு நீண்ட அமைதி. பிறகு "அஞ்சு." எப்போதும் அப்படித்தான்.

போன வருஷம் சித்தப்பா ஏறினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. பிறகு அமைதி. வழக்கமான அமைதிதானே என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இருபது நிமிஷம் காத்திருந்தார்கள்.

ஐந்து வரவே இல்லை.

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. மூணு, பத்து இருபத்தைந்து. அதற்குக் கீழே வெற்று வரி. அம்மா அதைக் கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

ஜீப் போய் இருபத்தைந்து நிமிஷம் கழித்து வயர்லெஸ் கரகரத்தது.

"ஏறுறேன்."

"ஏறுங்க. கேட்டுச்சு" என்றாள் அம்மா.

எறும்பு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மலையே தெரியவில்லை. சாம்பல் நிறத் துணியைப் போட்டு மூடியது மாதிரி மேகம். அதற்குள் எங்கோ அப்பா.

"ஒண்ணு."

"ஒண்ணு. கேட்டுச்சு."

படம் வரையலாம் என்று எறும்பு ஒரு தாளை எடுத்தாள். நான்காவது வரி நட்சத்திரங்கள். பென்சிலை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். செத்துப்போன மூன்று ஆட்கள். ஆனால் இது இன்றைய தாள் இல்லையே? மேலே தேதியைப் பார்த்தாள். போன வாரம். போன வாரம் ஆஸ்பத்திரி லைன் நன்றாகத்தானே இருந்தது?

கீழே பார்த்தாள். ஐந்து, எண்கள். ஆறு, எண்கள். ஏழு, எண்கள்.

"ரெண்டு" என்றது வயர்லெஸ்.

"ரெண்டு. கேட்டுச்சு."

எறும்பு தன் பையிலிருந்த பழைய படக்கட்டைப் பிரித்து அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். போன மாதம். அதற்கு முந்தைய மாதம். எல்லாவற்றிலும் நான்கில் நட்சத்திரம். எல்லாவற்றிலும் ஐந்து பேசியிருந்தது.

நாலு பேசாது. அஞ்சு பேசும். இது அவளுக்குத் தெரிந்த கதைதான். இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள்.

"அம்மா!"

"பேசாதே. அப்பா ஏறிட்டிருக்காரு."

"அம்மா, டவர் நல்லாத்தான்..."

"எறும்பு! வாயை மூடுன்னா மூடு." அம்மாவின் கண் வயர்லெஸ்ஸை விட்டு நகரவில்லை.

எறும்பு கண்ணாடி அண்ணனிடம் ஓடினாள். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாலு சாகலை."

"போய்ப் படம் வரைம்மா."

"அஞ்சு பதில் சொல்லியிருக்கு பாருங்க. ஆறும் சொல்லியிருக்கு."

"பாத்தேன். கீழ பூரா நட்சத்திரம் இருக்கே, அதையும் பாரு. முதல்ல எங்க நட்சத்திரம் வருதோ அங்கதான் கோளாறு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"அஞ்சுக்குப் போகணும்னா எப்படிப் போகணும்?"

"நாலு வழியா."

"வேற வழி இருக்கா?"

"மலையைத் தாண்ட வேற ஏது வழி? அந்த டவர் ஒண்ணுதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"நாலு செத்துட்டா அஞ்சாவது பெட்டிக்கு நம்ம ஆள் எப்படிண்ணா போனான்?" என்றாள் எறும்பு. "போயி அங்க செத்ததாச் சேதி வேற வந்திருக்கே?"

எறும்பு தாள்களை விசைப்பலகை மேலேயே பரப்பினாள். மூன்று, நான்கு, ஐந்து தாள்கள். ஒன்றின் பின்பக்கத்தில் மூக்கு முழ நீளத்துக்கு இருக்கும் மேனேஜரின் படம் இருந்தது. அதை மட்டும் ஜாக்கிரதையாகத் திருப்பாமல் வைத்தாள்.

"இது போன வாரம். இது போன மாசம். இது அதுக்கு முந்தி. நாலு என்னிக்குமே பேசினதில்லண்ணா. இன்னிக்குப் பேசாம இருக்கிறது ஏழுதான்."

கண்ணாடி அண்ணன் ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். மஞ்சள் பூசிய நட்சத்திரங்கள் வரிசையாக அவனைப் பார்த்தன. அவன் விரல் திரையில் ஐந்து, ஆறு, ஏழு என்று இறங்கியது.

"கோளாறு டவர்ல இல்ல" என்றான் மெதுவாக. "ஆஸ்பத்திரித் தெருவுல. கம்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல."

அடுத்த கணம் கத்தினான். "அக்கா! அவரை இறங்கச் சொல்லுங்க! நான் தப்பாப் படிச்சுட்டேன்! இறங்கச் சொல்லுங்க அக்கா!"

"மூணு" என்றது வயர்லெஸ். "வழுக்குது. ஏறுறேன்."

அம்மா பொத்தானை அழுத்தினாள். "இறங்குங்க! ஏறாதீங்க! கேக்குதா? இறங்குங்க!"

கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது.

"கேக்குதா? இறங்குங்க!"

பதில் இல்லை. அப்பா மூன்றை விட்டு ஏறிவிட்டார். நான்காவது தட்டு அவரை விழுங்கிவிட்டது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். கண்ணாடி அண்ணன் அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. மேனேஜர் தாள்களைப் பார்த்தார். நான்காவது வரியின் மேல் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"மூணு வருஷம் இருக்கும்" என்றார். "மலைப் பெட்டிக்கு வேலை அதிகம், விசாரிக்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்க வேண்டாம், வர்றதை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிட்டாப் போதும்னு... அப்படி மாத்தி வைக்கச் சொன்னதே நான்தான். சுத்தமா மறந்துட்டேன்."

மேனேஜர் போனை எடுத்து அந்தப் பக்கத்து லைன்மேனுக்கு எண்களை அழுத்தினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடுப்பா. தெருக் கம்பத்துலேருந்து கட்டடம் வரைக்கும் ஒயரைப் பிடிச்சுட்டே போ. மழையாவது மண்ணாவது, ஓடு!"

அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போக அப்பாவுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"பைக்ல ஆள் அனுப்பிக் கீழேருந்து கூப்பிட்டா என்ன?" என்றான் கண்ணாடி அண்ணன்.

"போய்ச் சேரவே இருபது நிமிஷம் ஆகும்" என்றாள் அம்மா. "அவர் அஞ்சுக்கு வரணும். வந்தாத்தான் நம்ம குரல் கேக்கும்."

அதாவது, டவரின் உச்சிக்கு. மின்னல் முதலில் தேடுகிற இடத்துக்கு. அங்கே போனால்தான் இறங்கு என்று சொல்லவே முடியும்.

எட்டு நிமிஷம்.

தூரத்தில் இருந்த இடி இப்போது தூரத்தில் இல்லை. ஜன்னல் சட்டங்கள் கிடுகிடுத்தன.

பத்து நிமிஷம்.

எறும்பு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கல் மாதிரி இருந்தது.

பன்னிரண்டு.

சுவரில் இருந்த ஹெல்மெட்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் சிரமப்பட்டார்கள்.

பதினான்கு. அம்மா மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினாள். "கேக்குதா? கேக்குதா?" அவள் குரல் உடைந்து, சின்னப் பெண் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா" என்றாள் எறும்பு. "நாலு பேசாதும்மா. பேசலேன்னா ஒண்ணும் அர்த்தமில்ல. அஞ்சுதான் பேசணும்."

"அன்னிக்கும் இப்படித்தான் நினைச்சோம்" என்றாள் அம்மா.

எறும்பு அவள் முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பதினாறு.

பதினேழு.

"...ஞ்சு."

எல்லோரும் வயர்லெஸ் பக்கம் குனிந்தார்கள்.

"அஞ்சு. கேக்குதா? பெல்ட் கொக்கி சிக்கிக்கிச்சு, அதான் லேட்டு. இங்க பெட்டியில விளக்கெல்லாம் பச்சையாத்தான் எரியுது. என்னத்தை மாத்தச் சொல்றீங்க?"

"இறங்குங்க!" அம்மா அலறினாள். "டவர்ல கோளாறு இல்ல! தப்பாச் சொல்லிட்டோம்! ஒண்ணையும் தொடாதீங்க, இறங்குங்க!"

சற்று நேரம் காற்றுச் சத்தம்.

"யாரு சொன்னது?"

"எறும்பு."

"அப்போ சரியாத்தான் இருக்கும். இறங்குறேன்."

மறுபடி அமைதி. மறுபடி நான்காவது தட்டு. ஆனால் இந்த முறை ஏழே நிமிஷத்தில் "மூணு" வந்தது. அப்பா அவசரமாக இறங்குகிறார் என்று தெரிந்தது.

"ரெண்டு."

"ரெண்டு. கேட்டுச்சு."

"ஒண்..."

ஜன்னல் முழுக்க வெள்ளையாயிற்று. அறையில் இருந்த எல்லோரின் நிழலும் ஒரு கணம் சுவரில் ஒட்டிக்கொண்டது. உடனே இடி. மேசையில் இருந்த பென்சில்கள் உருண்டு தரையில் கொட்டின. விளக்குகள் மங்கிப் பிறகு எரிந்தன.

வயர்லெஸ்ஸில் உஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும்.

கண்ணாடி அண்ணன் டிரேஸ் போட்டான். எறும்பு திரையைப் பார்த்தாள். ஒன்று, எண்கள். இரண்டு. மூன்று. நான்கில் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.

ஐந்து. எண்கள்.

"அஞ்சு பேசுது" என்றான். "டவர் நிக்குது."

"அப்பா?" என்றாள் எறும்பு.

அதைச் சொல்ல எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது.

இரைச்சல். இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே ஒரு இருமல்.

"தரை" என்றார் அப்பா. "ஜீப்புக்குள்ள இருக்கேன். காது ரெண்டும் ஙொய்னு கத்துது. நீங்க என்ன பேசினாலும் எனக்குக் கேக்காது. தரை. தரை. தரை."

அம்மா பேனாவை எடுத்தாள். நேரத்தை எழுதக் கை வரவில்லை. நோட்டை எறும்பின் பக்கம் தள்ளினாள். எறும்பு கடிகாரத்தைப் பார்த்து, கோணல்மாணலான எழுத்தில் எழுதினாள்: தரை, பதினொன்று முப்பத்தெட்டு.

சிறிது நேரத்தில் லைன்மேன் போன் செய்தார். ஆஸ்பத்திரி வாசல் மரத்திலிருந்து ஒரு கிளை ஒயர் மேல் முறிந்து விழுந்திருந்ததாம். இணைத்துவிட்டாராம். கண்ணாடி அண்ணன் மறுபடி டிரேஸ் போட்டான். ஏழாவது வரியில் எண்கள் வந்தன.

அப்பா வந்து சேர்ந்தபோது கால் வைத்த இடமெல்லாம் குளமாயிற்று. அம்மா அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தரையெல்லாம் ஈரம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணாடி அண்ணன் எழுந்து நின்றான்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். நாலைப் பாத்ததும் ஓடிட்டேன். அஞ்சு வர்ற வரைக்கும் நிக்கலை."

அப்பா அவனை நீண்ட நேரம் பார்த்தார். காதில் விழவில்லையோ என்று அவன் இன்னும் சத்தமாகச் சொல்லப் போனான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் அப்பா. "மழை விட்டதும் என்கூட டவருக்கு வா. நீ ஏற வேண்டாம், கீழ நின்னு அண்ணாந்து பாரு. இங்க உக்காந்துட்டு நீ சொல்ற நாலு, அங்க எவ்வளவு உயரத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்க."

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. குவாரித் தொழிலாளி பிழைத்துவிட்டார். ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. "கொஞ்சம் முன்னாடி லைன் கிடைச்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் மேலே சொல்லவில்லையாம். மேனேஜர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடி அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் கை தானாக மேசை மேல் கிடந்த தாள் ஒன்றைத் திருப்பியது.

எறும்புக்குத் திக்கென்றது.

மேனேஜர் படத்தை உற்றுப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நீளமா?"

"அது பென்சில் கொஞ்சம் வழுக்கிடுச்சு சார்" என்றாள் எறும்பு.

அந்த நாளில் முதல் முறையாக அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிற்று. யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். மேனேஜர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளும் மழை, மறுநாளும் விடுமுறை. எறும்பு வந்தபோது கண்ணாடி அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தான். காலை ஆறு மணித் தாளை அட்டைப்பெட்டியில் விழவிடாமல் கையிலேயே பிடித்திருந்தான். கடைசி வரியிலிருந்து மேலே மேலே படித்தான். ஏழு, ஆறு, ஐந்து. பிறகு ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டான். நேற்றைய தாள்களை வைக்கப் புதுசாக ஒரு ஃபைலும் வாங்கியிருந்தான்.

"நான் எதுல படம் வரைவேன்?" என்று எறும்பு முகத்தைச் சுளித்தாள்.

"ஃபைல்ல போடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உனக்கு" என்று தாளை நீட்டினான். "நட்சத்திரமெல்லாம் உன்னோடது."

எறும்பு மஞ்சள் பென்சிலை எடுத்தாள். நான்காவது வரியின் மூன்று நட்சத்திரங்களுக்கும் வழக்கம் போல வண்ணம் தீட்டினாள். பிறகு சுவரில் தொங்கிய ஹெல்மெட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அதே பென்சிலால், ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில், விரிசல் இல்லாத ஒரு சின்ன மஞ்சள் ஹெல்மெட்டை வரைந்து வைத்தாள்.